செல்லாத நாழிகை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் வெறும் நாடு என்றே வைத்துக்கொள்வோம். அதை ஆண்ட கனகசேகர மகாராஜாவுக்கு ஒரு பிடிவாதம். எதைச் செய்தாலும் நாழிகை பார்த்துத்தான் செய்வார். பகல் மூன்றாம் நாழிகைக்குக் குளியல், எட்டாம் நாழிகைக்குச் சபை, பதினைந்தாம் நாழிகைக்குச் சாப்பாடு. சேகண்டிச் சத்தம் காதில் விழாமல் இலையில் கை வைக்கமாட்டார். முன்கூட்டியே பசி எடுத்தால் பசிக்குத்தான் திட்டு விழும்.

அந்தக் காலத்தில் கடிகாரம் ஏது? அரண்மனை முற்றத்து மண்டபத்தில் ஒரு பெரிய செப்புக் கொப்பரை நிறையத் தண்ணீர் இருக்கும். அதில் வட்டில் என்ற ஒரு சின்னக் கிண்ணம் மிதக்கும். வட்டிலின் அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. துளை வழியே தண்ணீர் ஏறி வட்டில் முழுகினால் ஒரு நாழிகை. முழுகியதும் சேகண்டியில் அடிக்க வேண்டும், வட்டிலை எடுத்துக் கவிழ்த்து மறுபடி மிதக்கவிட வேண்டும். பகல் முழுக்க முப்பது தடவை. கேட்பதற்குச் சுலபம். ஒருநாள் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆறு வருடமாகப் பகல் நாழிகை அடித்தவள் தையல்நாயகி. இரவு நாழிகைக்கு வேறு ஆள். தையல்நாயகி ஒரு நாழிகைக்கு ஒரு புளியங்கொட்டை என்று எடுத்து வைத்துக் கணக்குத் தப்பாமல் அடிப்பாள். அவள் கொண்டுபோகும் சம்பள நெல்லில்தான் வீட்டில் நான்கு வயிறு நிறைந்தது. யாரோடும் அதிகம் பேசமாட்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுக்கு எப்போதாவது வலிப்பு வரும். தெரிந்தால் வேலை போய்விடும் என்று ஆறு வருடமும் மூடி வைத்திருந்தாள்.

மூடி வைத்தது ஒருநாள் வெளியே வந்துவிட்டது. சபை நடந்துகொண்டிருந்தது. பத்தாம் நாழிகையை அடித்துவிட்டு, மகாராஜாவிடம் நாழிகை சொல்ல வந்தவள், சபை நடுவில் விழுந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ளியது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், ஒருவர் செம்போடு தண்ணீரை முகத்தில் ஊற்றினார், மீதிப்பேர் சுவரோரம் ஒதுங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் கண் விழித்தாள். விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "வட்டில் முழுகிடுச்சா?" என்பதுதான்.

அரண்மனை ஜோசியர் தாண்டவராயர் துள்ளி எழுந்தார். இந்த மனிதருக்கு ஒரு மைத்துனன் உண்டு, பெயர் சிங்காரம். முப்பத்தைந்து வயதாகியும் அக்காள் வீட்டுச் சோற்றைத் தவிர வேறெதையும் தேடிப் போகாதவன். அவனுக்கு அரண்மனையில் ஒரு வேலை வாங்கித் தரச் சொல்லி ஜோசியர் வீட்டில் தினமும் அர்ச்சனை நடந்துவந்தது.

"மகாராஜா! இது பேய்! பேய் பிடித்தவள் கையிலா நம் நாட்டின் காலம் இருப்பது? அந்தக் காற்று பட்டால் பார்த்தவருக்கும் தொற்றுமே!"

மகாராஜா நல்லவர்தான். ஆனால் பயந்துவிட்டார். பயந்த நல்லவரைப் போல் ஆபத்தானவர் யாரும் இல்லை. "என்ன செய்யலாம் ஜோசியரே?" என்றார்.

"உடனே வேலையை விட்டு நீக்க வேண்டும். அது மட்டும் போதாது. இவள் எத்தனை தடவை இப்படி விழுந்து தப்பும் தவறுமாக அடித்தாளோ! அதனால் இவள் அடித்தது எதுவும் செல்லாது என்று அறிவிக்க வேண்டும். அப்போதுதான் நாளைக்கு யாரும் இவளுக்காகப் பரிந்து வரமாட்டார்கள்."

அப்படியே ஆணை பிறந்தது. 'வலிப்புக்காரி தையல்நாயகி அடித்த நாழிகை எதுவும் இந்த நாட்டில் செல்லாது. ஆணையை மீறுகிறவர் யாராக இருந்தாலும் மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றப்படுவார்.' முரசுக்காரன் தெருத் தெருவாகப் போய் அடித்துச் சொன்னான். ஜோசியர் வீட்டில் அன்று பாயசம்.

சபையில் ஒரு விதூஷகன் இருந்தான். அம்பலத்தாடி என்று பெயர். பெயரில்தான் தாடி, முகத்தில் மீசையே அரையும் குறையும். அவன் அன்று சபையில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வாயை மூடினால் யாருக்கோ கேடு காத்திருக்கிறது என்று அர்த்தம். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே தையல்நாயகி வீட்டுக்குப் போனான்.

தெருவில் ஏழெட்டுப் பெண்கள் கிணற்றடியில் நின்றிருந்தார்கள். தையல்நாயகியின் குடம் மட்டும் தனியாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அவள் வாசலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கண்ணே. உள்ள வந்தா உங்களையும் ஒதுக்கி வெச்சிடுவாங்க, பார்த்துக்குங்க" என்றாள்.

"என்னை ஏற்கெனவே பாதிப்பேர் ஒதுக்கித்தாம்மா வெச்சிருக்காங்க. மீதிப்பேருக்கும் இன்னைக்கு ஒரு காரணம் கிடைக்கட்டும்" என்று உள்ளே போய் உட்கார்ந்தான். "உண்மையைச் சொல்லு. நாழிகை தப்பியிருக்கா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுது சிவந்த கண்ணில் கோபம் வந்தது. "வட்டில் முழுக ஒரு நாழிகை ஆகும்ணே. எனக்கு வந்து, போயி, எழுந்து முகம் கழுவ அதுல மூணுல ஒரு பங்கு கூட ஆகாது. வர்றதுக்கு முன்னாடி கண்ணுல மின்மினி பறக்கும், உடனே தரையில உட்கார்ந்துக்குவேன். இன்னைக்குத்தான் சபையில அத்தனை பேருக்கு முன்னாடி உட்கார வெட்கப்பட்டு நின்னுட்டேன், விழுந்துட்டேன். ஆறு வருஷத்துல ஒரே ஒரு தரம்தான் வட்டில் முழுகுற நேரமும் எனக்கு வந்த நேரமும் ஒண்ணாப் போச்சு. கால் நாழிகை தாமதம். வெயில்ல நட்ட கோலோட நிழலைப் பார்த்து அன்னைக்கே சரி பண்ணிட்டேன்."

"இளவரசர் பிறந்தது பகல்லதானே?"

"பகல் பதினோராம் நாழிகை. வட்டில் முக்கால்வாசி முழுகியிருந்துச்சு. ஜோசியர் ஐயா ஓடி வந்து எங்கிட்டதான் கேட்டு எழுதிக்கிட்டாரு."

அம்பலத்தாடிக்கு அந்தப் பாதி மீசைக்குள் ஒரு சிரிப்பு வந்தது. எழுந்துகொண்டான். அவள் மெல்லச் சொன்னாள், "வேலை போனாக்கூடப் பரவாயில்லண்ணே, எங்கயாவது நெல்லு குத்திப் பிழைச்சுக்குவேன். பேய்க்காரின்னு முரசு அடிச்சுட்டாங்களே. இனிமே என்னை யாரு வாசல்ல ஏத்துவா?"

"நாளைக்கு ஒருநாள் பொறுத்துக்கோ தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு நேராக அரண்மனை ஓலைச்சுவடி அறைக்குப் போனான். எந்தெந்தக் காரியம் எந்தெந்த நாழிகையில் நடந்தது என்று எழுதி வைக்கும் ஓலைகள் அங்கேதான் இருந்தன.

மறுநாள் சிங்காரம் கொப்பரைக்கு முன்னால் புது வேட்டியோடு உட்கார்ந்தான். பன்னிரண்டாம் நாழிகை வரைக்கும் ஏதோ அடித்தான். அதற்குமேல் மண்டபத்துக் காற்று சுகமாக வீசியது.

மகாராஜா இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். பதினைந்தாம் நாழிகை அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. சாம்பார் ஆறியது. அப்பளம் நமத்தது. அவரே போட்ட சட்டம், அவரே எப்படி மீறுவார்? வெயில் தாழ்வாரத்தைத் தாண்டி உள்ளே வரத் தொடங்கியது. சமையற்காரர் கையைப் பிசைந்தார். கடைசியில் மகாராஜா அம்பலத்தாடியை அனுப்பி, என்ன நடக்கிறது என்று பார்த்து வரச் சொன்னார்.

அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து கைகட்டி நின்றான். "மகாராஜா கவலைப்பட வேண்டாம். புதிய நாழிகைக்காரர் விழவில்லை, நுரை தள்ளவில்லை, பேயும் பிடிக்கவில்லை. நிம்மதியாகத் தூங்குகிறார். வட்டில் எப்போதோ முழுகித் தரைதட்டிவிட்டது."

பக்கத்தில் இருந்த ஜோசியர் குறுக்கே புகுந்தார். "முதல் நாள்தானே, போகப் போகப் பழகிக்கொள்வார். தூக்கம் எல்லாருக்கும் வருவதுதானே மகாராஜா, அதைப்போய் ஒரு குற்றமாக எடுத்துக்கொள்ளலாமா?"

"எடுத்துக்கொள்ளவே கூடாது. எல்லாருக்கும் வருவது குற்றம் ஆகாது. சிலருக்கு மட்டும் வருவதுதான் குற்றம். எனக்கு இத்தனை நாள் இந்த நியாயம் தெரியாமல் போயிற்று" என்றான் அம்பலத்தாடி.

மகாராஜாவுக்குப் பசி. பசித்தவர் நியாயம் பேசமாட்டார். சிங்காரத்தை எழுப்பி, குத்துமதிப்பாக ஒரு பதினைந்தை அடிக்கவைத்துச் சாப்பிட்டு முடித்தார்.

பிற்பகல் சபை கூடியது. ஜோசியர் தன் இடத்துக்கு வந்தார். அங்கே ஆசனம் இல்லை. ஆசனம் வாசலுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"என் ஆசனத்தை யார் அங்கே போட்டது?"

"நான்தான் ஐயா" என்றான் அம்பலத்தாடி மிகப் பணிவாக. "தாங்கள் யார் என்று தெரிந்துகொள்ளலாமா?"

"என்ன திமிர்! நான் அரண்மனை ஜோசியன்!"

"அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். ஓலையைப் புரட்டிப் பார்த்தேன். தாங்கள் பதவி ஏற்றது ஐந்தரை வருடத்துக்கு முன், தை மாதத்தில், பகல் ஏழாம் நாழிகை முகூர்த்தம். அந்த நாழிகையை அடித்தது தையல்நாயகி. அவள் அடித்தது எதுவும் செல்லாது என்பது மகாராஜாவின் ஆணை. ஆகவே தாங்கள் இன்னும் ஜோசியராகவில்லை. ஜோசியர் அல்லாதவரை உள்ளே உட்காரவைத்தால் ஆணையை மீறியவன் ஆவேன். எனக்கு இருப்பதே கொஞ்சம் முடி ஐயா."

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜோசியர் மகாராஜாவைப் பார்த்து முறையிட்டார். மகாராஜாவுக்கு உள்ளுக்குள் வேடிக்கையாக இருந்தது. "ஆணை ஆணைதானே ஜோசியரே" என்றார். பிறகு ஆசையை அடக்க முடியாமல், "அம்பலத்தாடி, இந்த ஆணையால் நமக்கு ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு மகாராஜா. ஆறு வருடத்துப் பகல்கள் செல்லாது. இரவு நாழிகையை அடித்தது வேறு ஆள், அதனால் இரவுகள் செல்லும். ஆறில் பாதி கழிந்தால் மூன்று. தங்களுக்கு நாற்பத்தெட்டு வயது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டப்படி நாற்பத்தைந்துதான்."

மகாராஜா மீசையைத் தடவிக்கொண்டார். வயது குறைந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

"அதோடு, நாளைக்கு இளவரசரின் ஐந்தாம் பிறந்தநாள் என்று சமையற்கட்டில் லட்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன்."

மீசையில் இருந்த கை அப்படியே நின்றது. "ஏன்?"

"இளவரசர் பிறந்தது பகல் பதினோராம் நாழிகை. செல்லாது. ஆணைப்படி இளவரசர் இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காத பிள்ளைக்கு எப்படி மகாராஜா பிறந்தநாள் கொண்டாடுவது?"

தவமிருந்து பெற்ற ஒரே பிள்ளை. மகாராஜா சிங்காசனத்தை விட்டு எழுந்துவிட்டார். "அம்பலத்தாடி! விளையாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு!"

"நான் விளையாடவில்லை. ஆணையை இந்தச் சபையில் என்னைப்போல் மதித்தவர் யாரும் இல்லை. வேண்டுமானால் ஜோசியரையே, மன்னிக்கவும், வாசலில் நிற்கும் இந்தப் பெரியவரையே கேளுங்கள். இளவரசர் நாற்கடலையும் ஆளுவார் என்று ஜாதகம் கணித்து, பரிசாக ஒரு தென்னந்தோப்பே வாங்கினாரே. எந்த நாழிகையை வைத்துக் கணித்தார்?"

ஜோசியரின் நெற்றி வியர்த்தது. நாழிகை தப்பு என்றால் ஜாதகம் தப்பு. ஜாதகம் சரி என்றால் நாழிகை சரி. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் வாய் திறக்க முடியாமல் நின்றார்.

அம்பலத்தாடி விடவில்லை. அடுத்த ஓலையை எடுத்தான். "போகட்டும், அரச விஷயம் பெரிது. தங்கள் வீட்டு விஷயத்துக்கு வருவோம். மூன்று வருடத்துக்கு முன் தங்கள் மகளுக்குத் தாலி கட்டியது பகல் நான்காம் நாழிகை. அதுவும் செல்லாது. மாப்பிள்ளையை இன்றைக்கே அவர் ஊருக்கு அனுப்பிவிடலாமா?"

"ஐயோ, பேத்தியே பிறந்துவிட்டாளே!"

"பகலில் பிறந்தாளா, இரவில் பிறந்தாளா?"

சபை வெடித்துச் சிரித்தது. ஜோசியர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "செல்லும், செல்லும்! அவள் அடித்த நாழிகை எல்லாம் செல்லும் மகாராஜா! ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் நான் நிழல் பார்த்துச் சரிபார்ப்பது வழக்கம். அவள் நாழிகை ஒருநாளும் பிசகியதில்லை."

மகாராஜாவின் குரல் தாழ்ந்தது. "தெரிந்திருந்துமா நேற்று அப்படிச் சொன்னீர்?"

"என் மைத்துனனுக்கு ஒரு வேலை..." என்று தொடங்கி, முடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டார். கழுதைமேல் ஏற்றியிருந்தாலும் நான் வருத்தப்பட்டிருக்கமாட்டேன். ஆனால் மகாராஜா அதைச் செய்யவில்லை. "தையல்நாயகியை அழைத்து வாருங்கள்" என்றார்.

அவள் வந்தாள். சபைக்குள் நுழையாமல் வாசற்படியோடு நின்றாள். ஒருநாள் ஒதுக்கியதற்கே மனுஷிக்கு எங்கே நிற்பது என்று சந்தேகம் வந்துவிட்டது பாருங்கள்.

"உள்ளே வா அம்மா" என்றார் மகாராஜா. "நேற்று நான் பயந்துவிட்டேன். பயத்தில் உன்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். மறுபடியும் விழுவாயா?"

அம்பலத்தாடி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"விழுவேன் மகாராஜா. வராதுன்னு பொய் சொல்லமாட்டேன். வருஷத்துக்கு ரெண்டு மூணு தரம் வரும். இது பேயும் இல்ல, ஒட்டிக்கவும் ஒட்டாது. ஆறு வருஷமா என் பக்கத்துல படுத்துத் தூங்குற என் பொண்ணுக்கு வரல. விழுந்தா சாவியைக் கையில திணிக்க வேண்டாம், தண்ணிய ஊத்த வேண்டாம். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, தலைக்கு ஒரு துணி வெச்சாப் போதும், நானே எழுந்துக்குவேன். ஆறு வருஷத்துல ஒரு நாள் கால் நாழிகை தாமதமா அடிச்சிருக்கேன். அன்னைக்கு மகாராஜா குளிக்கப் போகத் தாமதமாச்சு. அதை நான் சொல்லல. அது மட்டும்தான் என் தப்பு."

"ஐப்பசியில் ஒருநாளா?" என்றார் மகாராஜா யோசித்து. "அன்றைக்குத்தான் வெந்நீர் சரியான சூட்டில் இருந்தது."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து மகாராஜாவும் சிரித்தார். நேற்றைய ஆணையை அந்த இடத்திலேயே ரத்து செய்தார். தையல்நாயகிக்கு வேலை திரும்பியது. சிங்காரம் அக்காள் வீட்டுக்குத் திரும்பினான். பிறகு மகாராஜா ஜோசியரைப் பார்த்தார்.

"நாழிகையைச் சரிபார்ப்பதில் தாங்கள் கெட்டிக்காரர் என்று தாங்களே சொன்னீர்கள். நாளை முதல் ஒரு வருடம் கொப்பரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். இந்த அம்மாவுக்கு வலிப்பு வந்தால் அங்கவஸ்திரத்தை மடித்துத் தலைக்கு வையுங்கள். அந்த நேரத்தில் வட்டில் முழுகினால் எழுந்து சேகண்டியை அடியுங்கள். தூங்கினால் கழுதை இன்னும் லாயத்தில்தான் இருக்கிறது."

அம்பலத்தாடிக்கு முத்துமாலையும் பட்டு வேட்டியும் கொடுக்கச் சொன்னார். அவன் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "மகாராஜா, இது போதாது" என்றான்.

"இன்னும் என்ன வேண்டும்?"

"நேற்று முரசு அடித்தவன் இன்றைக்கும் போக வேண்டும். அதே தெருக்கள், அதே சத்தம். திட்டுவதற்குப் பெரிய முரசு, திருத்துவதற்குச் சின்ன உடுக்கை என்று வைக்கக் கூடாது."

"அப்படியே ஆகட்டும். அம்மா, உனக்கும் ஏதாவது பரிசு வேண்டுமா? கேள்."

தையல்நாயகி கொஞ்சம் தயங்கினாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"பரிசெல்லாம் வேணாம் மகாராஜா. முரசுக்காரரை எங்க தெருக் கிணத்தடியில மட்டும் ரெண்டு தரம் அடிக்கச் சொல்லுங்க. அங்க இருக்கிறவங்களுக்கு ஒரு தரம் சொன்னா ஏறாது."

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. சபையும் சிரித்தது. அன்று சாயங்காலம் அந்தக் கிணற்றடியில் முரசு இரண்டு தரம் இல்லை, மூன்று தரம் அடித்தது. மூன்றாவது அம்பலத்தாடியின் கைவேலை. அடித்துவிட்டு அவன் அங்கேயே நின்று, தள்ளி வைத்திருந்த குடம் வரிசைக்குள் வந்து சேர்வதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.